மூடாத கை

“…மூஞ்சியத் திருப்பிக்கினா பரவால்லண்ணா, அது வெறும் கோவம். கைய வெச்சு கேமராவ மூடறது இருக்குதே, எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அதுக்கு மேல ஒரு கெட்ட வார்த்தையே கெடையாது. நான் மூடலண்ணா. சத்தியமா மூடல.”

இதைச் சொல்லியபடியே அவள் போனை என்னிடம் நீட்டினாள். மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து ஆட்கள் உள்ளே திரும்பிக்கொண்டிருந்தார்கள். நான் போனை வாங்கி, முன்பக்கக் கேமராவில் ஒன்று, பின்பக்கக் கேமராவில் ஒன்று என்று இரண்டு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பிக் கொடுத்தேன். போனிலிருக்கும் ஸ்டிக்கரைக் காட்டிவிட்டுப் போக அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. “அப்பறம் பேசலாம்மா, போ” என்றேன்.

அப்புறம் பேசினோம். மழை முடிந்து ஓசூரில் பனி இறங்குகிற வரைக்கும் இந்த ஒரே விஷயத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

நான் ஓசூர் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு பிரேக் சாமான் செய்கிற ஒரு கம்பெனியின் கேட்டில் செக்யூரிட்டி. உள்ளே இருக்கிற மெஷினை யாரும் படம் பிடித்துவிடக் கூடாது என்பதால், போகிறவர் எல்லோருடைய போனுக்கும் கேமராவை அடைத்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஷிப்ட் விட்டு வெளியே வந்ததும் எல்லோரும் அதைப் பிய்த்து எதிரே இருக்கும் மின்கம்பத்தில் ஒட்டிவிட்டுப் போவார்கள். கம்பம் முழுக்க சிவப்புப் பொட்டு. புதிதாக வருகிற லாரி டிரைவர் சிலர் அதை ஏதோ சாமி என்று நினைத்து கன்னத்தில் போட்டுக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன்.

எட்டாவதோடு நின்றவன் நான். மீதிப் படிப்பெல்லாம் இந்தக் கேட்டில்தான். போனை நீட்டுகிற அந்தச் சின்ன நேரத்தில் ஆட்கள் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார்கள். “பேக ஹாக்கப்பா” என்று கன்னடத்தில் அவசரப்படுத்துகிறவர் உண்டு. “பொட்டு வெச்சே எம்போனக் கட்டிக் குடுத்துருவீங்க போலிருக்கேண்ணே” என்று தேனிப்பக்கத்துப் பையன் ஒருவன் சொன்னான். மாமியார் செத்த பத்தாம் நாள் வேலைக்கு வந்த ஒரு சூப்பர்வைசர், “வீட்ல திட்றதுக்கு ஆள் இல்லைங்க, அதான் கம்பெனிக்கு வந்துட்டேன்” என்றார். எனக்கு இந்தப் பேச்சுகள் மேல் ஒரு பைத்தியம். எதையும் எழுதி வைப்பதில்லை. தானாக ஒட்டிக்கொள்ளும்.

அப்படி என்னிடம் அதிகமாக ஒட்டிக்கொண்டது இந்தப் பெண்ணின் பேச்சுதான். பேக்கிங்கில் வேலை. நாற்பதை ஒட்டிய வயது. சொந்த ஊர் மத்தூர் பக்கம். இங்கே இன்னும் இரண்டு பெண்களோடு சேர்ந்து ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். வாய் ஓயாது. அவள் வீட்டுக்காரருக்கோ பிறந்ததிலிருந்து காதும் கேட்காது, பேச்சும் வராது. பள்ளிக்கூடம் போனதில்லை, எழுத்தும் தெரியாது. ஊரில் தாயோடு இருந்து நிலத்தையும் மாடுகளையும் பார்த்துக்கொள்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் கூட இருக்கிற பெண்கள் தங்கள் ஊருக்குப் போய்விடுவார்கள்; அவர் பஸ் ஏறி இங்கே வருவார், திங்கள் விடிகாலையில் திரும்பிவிடுவார். மற்ற நாளெல்லாம் மதியம் வீடியோ காலில்தான் குடும்பம் நடந்தது.

கல்யாணமான புதிதில் இரண்டு பேருமாகச் சேர்ந்து உண்டாக்கிக்கொண்ட கைப்பாஷை அது. வேறு யாருக்கும் புரியாது. கேட்டுக்கு வெளியே, டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு புங்கமரம். அதன் அடியில் போனைச் செங்கல்லில் சாய்த்து வைத்து, ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வாள். கை பறக்கும். திரும்பி வரும்போது மறுபடி ஸ்டிக்கர் வாங்குவாள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்னிடம் ஸ்டிக்கர் வாங்குகிற ஒரே ஆள் அவள்தான்.

“எங்க ஊட்டுச் சண்டைக்குச் சத்தமே கெடையாதுண்ணா. அதனால வெலக்கி வுட ஒருத்தரும் வர்றதில்ல. நாங்களேதான் ஓய்ஞ்சு போவணும்” என்பாள்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஒருத்தன் தினமும் வம்புக்கு இழுப்பான். “இன்னாக்கா, இன்னிக்கு ஊமைப்படம் இல்லையா?”

“டிக்கெட் எடுத்தியாடா நீ? ஓசியில பாக்கறவனுக்குக் கேள்வி வேற.”

பார்த்துப் பார்த்து எனக்கே சில வார்த்தைகள் பிடிபட்டிருந்தன. இரண்டு கையையும் தலையில் கொம்பு மாதிரி வைத்தால் மாடு. இரண்டு சுண்டுவிரலை மட்டும் நெற்றியோரம் வைத்தால் கன்றுக்குட்டி. உள்ளங்கையில் ஒரு விரலை ஒட்டி எடுத்தால் ஸ்டிக்கர், அதாவது நான். சண்டை முற்றிப்போய் இனி நீ சொல்வதைக் காணவே மாட்டேன் என்றால், உள்ளங்கையால் கேமராவைப் பொத்துவது. காது கேட்கிற நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் எதிராளியின் பேச்சு காதில் விழுந்துகொண்டுதான் இருக்கும். அவர்களுக்குக் கண்தான் காது. அதை மூடிவிட்டால் ஆள் இல்லை என்றே அர்த்தம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவை அப்படிச் செய்திருக்கிறார். அவள் அதற்கு அழுத அழுகையைப் பார்த்து, இனி ரெண்டு பேரும் அதைச் செய்யக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டார்களாம்.

நடந்தது இதுதான். வீட்டில் அவள் மாடு ஈன்ற முதல் கிடேரிக் கன்று ஒன்று இருந்தது. லீவில் போகும்போதெல்லாம் அவளே புட்டியில் பாலூட்டி வளர்த்தது. தீவனம் கட்டுப்படியாகவில்லை, குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு ஓட்டிப்போய்க் கொடுத்துவிடலாம் என்று அவர் அன்று மதியம் சுண்டுவிரல்களை நெற்றியில் வைத்துச் சொன்னார். இவள் கூடாது என்று ஆரம்பித்தாள். அதுவரை நன்றாக ஓடிய கேமரா பாதிப் பேச்சில் அணைகிறது, அவர் முகம் மாறுகிறது, போன் கட்டாகிறது. இவள் போனில் அவர் நன்றாகத் தெரிந்தார். இவள் முகம் தெரிய வேண்டிய மூலைக் கட்டம் மட்டும் கறுப்பு. மறுபடி அழைத்தாள். மறுபடி கறுப்பு. அவர் பார்த்தார், வெட்டினார். மூன்றாவது தடவை எடுக்கவே இல்லை.

முந்தின ராத்திரி சார்ஜில் கிடந்தபோது போன் தானாக ஒரு அப்டேட் போட்டுக்கொண்டிருக்கிறது. காலையில் திரையில் ஒரு செய்தி வந்திருந்ததாம். சிறு மேம்பாடுகள் செய்யப்பட்டுள்ளன, புதிய அனுபவத்தை மகிழ்ச்சியோடு தொடங்குங்கள் என்று.

“தொடங்கிட்டேண்ணா” என்றாள்.

எழுத்து தெரியாத மனிதர் போனில் பார்ப்பது படத்தை. இவள் படம் வந்தால்தான் எடுப்பார். என் போனிலிருந்தும் டீக்கடை அக்கா போனிலிருந்தும் அழைத்துப் பார்த்தோம். தெரியாத நம்பரை அவர் எதற்கு எடுக்கப்போகிறார், எடுத்து யார் குரலைக் கேட்கப்போகிறார்? பின்பக்கக் கேமரா நன்றாகத்தான் இருந்தது. அதைத் திருப்பிப் பேசலாமே என்று நான் கண்டுபிடித்துச் சொன்னேன். ஆனால் அந்தப் போனில் கால் எப்போதும் முன்பக்கக் கேமராவில்தான் தொடங்கும். திருப்புவதற்கு முன்னால் ஒரு சில நொடி கறுப்பு. அந்தச் சில நொடி அவருக்குப் போதும். எப்போதாவது மனசு இளகி எடுப்பார், கறுப்பைப் பார்ப்பார், வெட்டிவிடுவார். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு அவமானம். பின்பக்கக் கேமராவில் வீடியோ எடுத்து அனுப்பியும் பார்த்தாள், அவர் திறக்கவே இல்லை.

மாமியாரிடம் சாதாரணப் பட்டன் போன் இருந்தது. அதில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். கிழவி போய் மகனிடம் கையாட்டிவிட்டு வந்து சொன்ன பதில்: “நீ மூடிட்டு இப்ப போன் மேல பழி போடறியாம். அவன் போனும் அதே போன்தானாம். அது நல்லாத்தானே இருக்குதுங்கறான்.”

அது உண்மை. தீபாவளிச் சலுகையில் இவளே ஒரே மாதிரி இரண்டு போன் வாங்கி ஒன்றை அவருக்குக் கொடுத்திருந்தாள். ஒரே மாடல், ஒரே கறுப்பு உறை. அவருடையது நன்றாக இருக்கிறது என்பதுதான் இவளுக்கு எதிரான சாட்சி.

“நேர்ல ஒரு நடை போயிட்டு வந்துடேம்மா. கிருஷ்ணகிரி போயி பஸ் மாறினா முடிஞ்சுது.”

“போனா நான் தப்பு பண்ணினதா ஆயிடும்ணா. மூடாத கைக்கு நான் எதுக்குப் போயி சமாதானம் சொல்லணும்? போன் செஞ்சவன் சொல்லட்டும், எங்க தப்புன்னு. ஒரே ஒரு வார்த்த. நான் அத எங்க அத்தைக்குப் போட்டுக் காட்டறேன். அவங்க அவருக்குச் சொல்லட்டும்.”

அந்த ஒரு வார்த்தையைத் தேடித்தான் நாங்கள் அலைந்தோம்.

எங்கள் கேட்டருகே நின்றால் போன் சில நேரம் எல்லைக்கு அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொள்ளும். அதனாலோ என்னவோ கஸ்டமர் கேர் எண்ணை அடித்தால் முதலில் கன்னடம்தான் வரும். எனக்குக் கன்னடம் பழக்கம். சூளகிரிக்காரன் நான், தெலுங்கும் கன்னடமும் காதில் விழுந்தே வளர்ந்தவன். ஆகவே பேசுகிற வேலை எனக்கு வந்தது. பாட்டு ஓடும். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு குரல் சொல்லும். மறுபடி பாட்டு. அவ்வளவு முக்கியமான ஆளை இவ்வளவு நேரம் யாராவது வாசலில் நிறுத்துவார்களா என்று தோன்றும். கேட்டில் நிற்கிறவனுக்கு அது தோன்றாமல் இருக்காது.

ஒருவழியாக ஒரு பெண் பேசினாள். நல்ல மரியாதையான பெண். போனை அணைத்துப் போடச் சொன்னாள். போட்டோம். அதை அழி, இதை அழி என்றாள். அழித்தோம். கடைசியில் மொத்தமாகத் துடைத்து, கடையில் வாங்கினபோது இருந்த மாதிரி ஆக்கச் சொன்னாள். இவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். கன்றுக்குட்டி பிறந்த அன்று எடுத்த படங்களெல்லாம் அதில்தான் இருந்தன. “போவட்டும், மனுசன் திரும்பி வந்தா சரி” என்று அமுக்கினாள். படமும் போயிற்று, கறுப்பும் அப்படியே நின்றது.

ரெண்டு நாள் கழித்து ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று. நான்தான் படித்துக் காட்டினேன்.

“தீந்துடுச்சாமே? யாருக்கு?” என்றாள்.

மறுபடி அடித்தோம். வேறு குரல். முதலிலிருந்து சொல்ல வேண்டும். முதலிலிருந்து அணைத்துப் போட வேண்டும். இந்தக் கதையை நான் எத்தனை பேருக்குக் கன்னடத்தில் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. எனக்கே அலுத்து, ஊமைக் கணவன், கன்றுக்குட்டி, சந்தை எல்லாவற்றையும் விட்டுவிட்டு “முன் கேமரா கறுப்பு” என்று மட்டும் சொல்லும் நிலைக்கு வந்திருந்தேன். பக்கத்தில் நிற்கிற அவள் ஒவ்வொரு தடவையும் என் சட்டையைப் பிடித்து இழுப்பாள். “அவருக்குக் காது கேக்காதுன்னு சொல்லுண்ணா. அதச் சொன்னாத்தான் அவங்களுக்கு உறைக்கும்.” சொல்வேன். “புரிகிறது சார், சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்பார்கள். அந்த வருத்தத்தையும் எங்கேயோ அச்சடித்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே அளவில்தான் எடுத்துக் கொடுத்தார்கள்.

ஒரு வாராந்திர விடுப்பு நாளில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த சர்வீஸ் சென்டருக்கு அவளோடு போனேன். டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு இளைஞன் போனை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். கேமராவைச் சுற்றி ஸ்டிக்கரின் பசை படிந்திருந்தது.

“இது வெளி டேமேஜ்ங்க. கம் ஒட்டி கேமரா போயிருக்கு. வாரண்டில வராது.”

என் முகம் சுருங்கியது. ஒட்டியது நானல்லவா? ஆனால் அவள் விடவில்லை.

“தம்பி, இந்தண்ணன் முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு ஒட்டறாரு. ரெண்டுத்துலயும் அதே பசை. பின்னாடி இருக்கறது மட்டும் எப்படி பளிச்சுனு படம் புடிக்கிது?”

அவன் பின்பக்கம் திருப்பிப் பார்த்தான். பசையை நகத்தால் சுரண்டினான்.

“எங்க கம்பெனியில அத்தன பேரு போன்லயும் ஒட்றாரு. யாருக்கும் போவல. அப்டேட் வந்த மறுநாளு எனக்குப் போச்சு. பசைக்கு நாள் நட்சத்திரம் பாக்கத் தெரியுமா தம்பி?”

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருத்தர், “நமக்கும் அதே கறுப்புதாம்மா” என்று தன் போனைத் தூக்கிக் காட்டினார். இன்னொரு பெண்ணும் காட்டினாள். இளைஞன் கண்ணாடித் துளைக்கு அருகே குனிந்து, மேனேஜர் காதில் விழாதபடி சொன்னான்: “அக்கா, தெனம் இதே மாதிரி வருது. அப்டேட்டாலதான்னு எங்களுக்கும் தெரியும். ஆனா எங்களுக்கு மேல இருந்து ஒண்ணுமே சொல்லலக்கா. நீங்க எங்களக் கேக்கறீங்க. நாங்க மெயில் போட்டு மேல கேக்கறோம். பதிலே இல்ல.”

“இதையே கொஞ்சம் சத்தமா சொல்லேன். பதிவு பண்ணி எங்க அத்தைக்குப் போன்ல போட்டுக் காட்டறேன்.”

“வேலை போயிடும்க்கா.”

அவள் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தோம். “பாவம், அந்தத் தம்பியும் நம்மள மாதிரி கேட்டுலதான் நிக்கிறான்” என்றாள். எனக்கு அது இன்றைக்கும் மறக்கவில்லை.

என் போனும் அதே கம்பெனிதான், பழசு. என்னுடைய மாடலுக்கு இனி எந்த அப்டேட்டும் கிடையாது என்று எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். கைவிட்டதால் நன்றாக இருக்கிறது. இதை அவளிடம் சொன்னபோது, “குடுத்து வெச்ச போன்” என்றாள்.

நடுவில் ஒரு புது அப்டேட் வந்தது. ‘மேம்பட்ட கேமரா அனுபவம்’ என்று போட்டிருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் பெரிய நம்பிக்கை. மதியம் என் போனிலிருந்து நெட் கொடுத்து, புங்கமரத்தடியில் சோற்றைக்கூடத் தொடாமல் அந்தக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீக்கடை அக்காவும் எட்டிப் பார்த்தாள். ஃபோர்க்லிஃப்ட்காரன்கூட வாயை மூடிக்கொண்டு நின்றான். போன் அணைந்து எழுந்தது. முன்பக்கக் கேமரா கறுப்பு. ஆனால் அந்தக் கறுப்பைச் சுற்றி இப்போது பூச்சரம் போட்ட சட்டம், பட்டாசு, நாய்க்காது எல்லாம் வைத்துக்கொள்ளலாம். ஃபோர்க்லிஃப்ட்காரன் ஒரு நாய்க்காதைத் தொட்டான். கறுப்புக்கு மேலே இரண்டு காது முளைத்து ஆடியது. யாரும் சிரிக்கவில்லை. அவள் டிபன் பாக்ஸைத் திறக்காமலே மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு ஸ்டிக்கர் ஒட்டும்போது, “முன்னாடி எதுக்குண்ணா ஒட்டற? அங்கதான் அவங்களே ஒட்டி அனுப்பிட்டாங்களே” என்றாள்.

சனிக்கிழமைகள் வந்தன, போயின. அவர் வரவில்லை. ஒவ்வொரு சந்தை நாளும் விடியும்போதே அவள் போனை எடுத்துவிடுவாள். மாமியாரைக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்பாள். “கன்னு இருக்குதா அத்த?” இருக்கிறது என்று தெரிந்தால்தான் சாப்பாடு இறங்கும். விற்காமல் வைத்திருக்கிறார் என்றால் இன்னும் தன் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்று அவளாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். அந்தக் கணக்கு எத்தனை வாரம் தாங்கும் என்றுதான் பயம்.

அப்படி ஒரு நாள் திடீரென்று கேட்டில் வந்து நின்று சொன்னாள்: “எனக்கு இது சரியாவ வேணாம்ணா. அவருக்கும் கெட்டுப் போவணும்.”

எனக்கு விளங்கவில்லை.

“அவரு போனுக்கும் அந்த அப்டேட் வரணும்ணா. வந்தா அவருக்கும் கறுப்பாயிடும். அவரு கைய வெக்கலன்னு அவருக்குத் தெரியும் இல்ல? அப்ப நானும் வெக்கலன்னு தெரிஞ்சுடும்.”

நான் வாயைப் பிளந்தேன். நாட்டில் அத்தனை பேரும் அந்த அப்டேட் தங்களுக்கு வந்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டிருக்க, இவள் ஒருத்தி அது வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

மாமியாரிடம் சொல்லி அமுக்க வைக்கப் பார்த்தாள். “பல்சக்கரம் மாதிரி ஒரு படம் இருக்கும் பாரு அத்த, அதத் தொட்டு…” “அய்யய்யோ, நான் அதையெல்லாம் தொட மாட்டேன். போன அவன் இடுப்பு லுங்கிய வுட்டு எறக்கறதே இல்ல. மாட்டுக் கொட்டாயில கண்ணாடி கெடையாதுன்னு அதுல தெரியற மூஞ்சியப் பாத்துத்தான் சவரம் பண்ணிக்கினு கெடக்கறான். அதையும் நான் கெடுத்து வெக்கறதா?”

ஆகவே கடைசியாக ஒரு தடவை கஸ்டமர் கேரை அடித்தோம். இந்தத் தடவை அவளே வாங்கிக்கொண்டு, பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகப் பேசினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

“எங்க ஊட்டுக்காரரு போனுக்கு அந்த அப்டேட்ட அனுப்ப முடியுமாம்மா?”

“அப்டேட் எல்லாருக்கும் படிப்படியாக வரும் மேடம்.”

“எப்ப வரும்?”

“அந்தத் தகவல் எங்களிடம் இல்லை மேடம்.”

“கொஞ்சம் சீக்கிரம் அனுப்பச் சொல்லும்மா.”

“மேடம், அந்த அப்டேட்டில் பிரச்சினை இருக்கு என்றுதானே நீங்கள் புகார் கொடுத்திருக்கிறீர்கள்?”

“ஆமாம்மா. அந்தப் பிரச்சினையோடதான் வேணும்.”

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் அதே மரியாதையோடு, “எந்தப் பிரச்சினையும் எங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை மேடம். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?” என்று கேட்டாள்.

“வேணாம் தாயி. நீ போயி சாப்புடு” என்று சொல்லிவிட்டு வைத்தாள். அதற்குப் பிறகு நாங்கள் அந்த எண்ணை அடிக்கவில்லை. பேசுவதற்கே ஒன்றும் மிச்சமில்லை. மதியம் அவள் புங்கமரத்தடிக்குப் போவதையும் நிறுத்திவிட்டு, கேன்டீனுக்குள்ளேயே சாப்பிட ஆரம்பித்தாள். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் ஸ்டிக்கர். வாய் ஓயாத பெண், போனை நீட்டுவாள், வாங்கிக்கொள்வாள், போவாள். நான்தான் ஏதாவது கேட்பேன். “ம்” என்பாள்.

பனிக்காலத்தில் ஒரு மதியம் அவளுடைய போன் அடித்தபோது அவள் கேட்டுக்கு வெளியே, டீக்கடையில் வடை வாங்க வந்திருந்தாள். மாமியாரின் எண். எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள், கையில் வடை இருந்ததால்.

“ஏம்மா, இவனுக்கு என்னா ஆச்சுன்னே தெரியல. பாதி மூஞ்சி சவரம் பண்ணிட்டு, மீதி நொரையோட வந்து நிக்கிறான். போனத் தூக்கி எம் மூஞ்சிக்கிட்ட காட்றான். கைய அது மேல வெக்கிறான், எடுக்கிறான், வெக்கிறான், எடுக்கிறான். ரெண்டுத்துக்கும் கறுப்பாவேதான் இருக்குது. தலையில அடிச்சுக்கறான். நீயே கேளு என்னான்னு.”

அவள் வடையை டீக்கடைப் பலகையில் வைத்தாள்.

“வந்துடுச்சுண்ணா!” என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். “அவருக்கும் வந்துடுச்சு!”

“என்னாடி வந்துச்சு? காசா?” என்றாள் டீக்கடை அக்கா.

“சீக்குக்கா! எம்போனுக்கு வந்த அதே சீக்கு!”

யார் அனுப்பினார்கள், எப்படி வந்தது, இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று அந்தக் கம்பெனிக்குத்தான் வெளிச்சம். அதுவும் சந்தேகம்தான். எனக்கு யோசிக்க நேரமில்லை. அவர் படத்தோடு வீடியோ கால் வந்துவிட்டது. ஸ்டிக்கர்களைப் பிய்த்தாள். எடுத்தாள். திரை முழுக்கக் கறுப்பு, மூலையிலிருந்த அவள் கட்டமும் கறுப்பு. இரண்டு பேரும் இரண்டு கறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில நொடி போயிற்று. வெட்டவில்லை. இன்னும் சில நொடி. வெட்டவில்லை. அவள் பின்பக்கக் கேமராவுக்கு மாற்றி, போனை என் கையில் திணித்தாள்.

“ஆடாம புடிண்ணா.”

நான் மார்புக்கு நேராகப் பிடித்தேன். திரை என் பக்கம். அதன் மூலைக் கட்டத்தில் அவள், மீதியெல்லாம் கறுப்பு. ஆனால் மத்தூர் பக்கத்தில் ஏதோ ஒரு மாட்டுக் கொட்டகையில், பாதி முகத்தில் நுரையோடு ஒரு மனிதர் இப்போது அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். டீக்கடையில் எல்லோரும் கிளாஸைப் பிடித்தபடி நின்றார்கள். ஃபோர்க்லிஃப்ட்காரன், “டிக்கெட் எடுத்துட்டேன்க்கா” என்றான் மெதுவாக. அவள் காதில் அது விழவில்லை.

மரத்து நிழலை விட்டு வெயிலுக்கு வந்து நின்றாள். கம்பெனித் தொப்பியைக் கழற்றி மின்கம்பத்தின் ஆணியில் மாட்டினாள். வடை எண்ணெயை ஓவர்கோட்டில் துடைத்தாள். கண்ணையும் அதே கோட்டால் ஒரு தடவை துடைத்தாள். பிறகு இரண்டு சுண்டுவிரல்களையும் தூக்கி நெற்றியோரம் வைத்துக்கொண்டு, அன்றைக்குப் பாதியில் நின்ற சண்டையை விட்ட இடத்திலிருந்தே ஆரம்பித்தாள்.